தப்பி வந்தவரைத் திருப்பி அனுப்பலாமா?



ஆளும் அதிகாரத்துக்குப் பணிந்திருக்குமாறு புனித பவுல் உரோமையர் திருமுகத்தில் எழுதுகிறார். அந்தச் சட்டமே அநீதியாக இருந்தால் நாம் என்ன செய்வது? 1850இல் இந்தக் கேள்வி அமெரிக்கக் கிறிஸ்தவர்களின் வீட்டு வாசலுக்கே வந்தது.

அவ்வாண்டு அங்கே தப்பியோடிய அடிமைகள் சட்டம் நிறைவேறியது. தெற்கிலிருந்து தப்பி வந்தவரைப் பிடித்து உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அடைக்கலம் தந்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிடிபட்டவர் தம் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. விசாரிக்கும் ஆணையருக்கு, திருப்பி அனுப்பினால் 10 டாலர். விடுவித்தால் 5 டாலர். எழுத்து வேலை அதிகமாம்!

பணிய வேண்டும் என்றவர்கள் விவிலியத்தையே கையில் எடுத்தார்கள். பவுலே ஒனேசிமுவைப் பிலமோனிடம் திருப்பி அனுப்பவில்லையா என்று கேட்டார்கள். ஆனால் இணைச்சட்டம் 23ஆம் பிரிவு, தப்பி வந்த அடிமையை ஒப்படைக்காதே, அவர் விரும்பும் இடத்தில் வாழவிடு என்கிறதே? அது வேற்றினத்தாரிடமிருந்து ஓடி வந்தவருக்கு மட்டுமே என்றார் ஆண்டோவர் இறையியல் பேராசிரியர் மோசஸ் ஸ்டூவர்ட். படித்தவர், பாவம், படிப்பு அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

பிலமோன் திருமுகத்தை நாம் பொறுமையாக வாசித்தால் வேறொன்று தெரியும். ஒனேசிமு விலங்கோடு போகவில்லை, கடிதத்தோடு போனார். அடிமையாக அல்ல, அன்புச் சகோதரராக ஏற்றுக்கொள்ளும்படி பவுல் கேட்கிறார். கடன் இருந்தால் தாமே தருவதாகவும் எழுதுகிறார். எந்த அடிமை பிடிப்பவர் இப்படி எழுதினார்?

நம் திருஅவையும் இதில் தப்பவில்லை. திருத்தந்தை 16ஆம் கிரகோரி 1839இல் அடிமை வணிகத்தைக் கண்டித்தார். அது வணிகத்துக்குத்தான், நம் நாட்டு அடிமைமுறைக்கு அல்ல என்று விளக்கம் தந்தார் சார்ல்ஸ்டன் ஆயர் ஜான் இங்கிலாந்து. பிலடெல்பியா ஆயர் கென்ரிக் தம் ஒழுக்கவியல் நூலில், அடிமைகளின் நிலைக்கு வருந்தினார். ஆனாலும் சட்டத்துக்கு எதிராக எதையும் செய்யக் கூடாது என்றே கற்பித்தார்.

புனித தாமஸ் அக்குவினாஸ் போதித்தது என்ன? அநீதியான சட்டம் மனச்சான்றைக் கட்டுப்படுத்தாது. பெருங்குழப்பத்தைத் தவிர்க்க ஒருவர் தம் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். தம் உரிமையை, கவனியுங்கள். அடுத்தவரின் விடுதலையை விட்டுக்கொடுக்க நமக்கு யார் உரிமை தந்தது?

1838இல் மேரிலாந்து இயேசு சபையினர் 272 பேரை விற்க உடன்பட்டனர். சட்டப்படிதான். அந்த விற்பனை ஆவணத்தின் முதல் பெயர் ஐசக். 2017இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் ஒரு கட்டடத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. அன்று நடந்த வழிபாட்டில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் முன் இயேசு சபை மன்னிப்புக் கேட்டது.