அனுமதி இல்லாமல் நகர்ந்த செயற்கைக் கோள்!

செயற்கைக் கோள் ஒன்று சொன்ன சொல் கேட்க மறுத்துவிட்டது! தன் இடத்தை விட்டு நகர்ந்தது. அடுத்த கம்பெனியின் இடத்தை நோக்கிப் போனது. தடுக்க வழி தெரியாமல் எல்லோரும் திகைத்தார்கள்.

இது நடந்தது 2010-ம் ஆண்டில். அந்தச் செயற்கைக் கோளின் பெயர் "கேலக்சி-15". "இன்டெல்சாட்" என்ற கம்பெனிக்குச் சொந்தமானது. அமெரிக்க வீடுகளுக்கு டெலிவிஷன் நிகழ்ச்சிகள் இதன் வழியாகப் போய்க்கொண்டிருந்தன.

செயற்கைக் கோள் நகர்ந்தால் என்ன? ஆகாயத்தில் இடமா இல்லை? இப்படித்தான் கேட்கத் தோன்றும். ஆனால், அங்கேயும் இடநெருக்கடி உண்டு!

ஒரே ஒரு பாதை

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் ஒரு வட்டப் பாதை இருக்கிறது. பூமி ஒரு முறை சுழலும் நேரத்தில், அங்கே உள்ள செயற்கைக் கோளும் பூமியை ஒரு முறை சுற்றிவிடும். ஆகவே, கீழே இருந்து பார்த்தால் அது ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். ஆன்டெனாவை ஒரு தடவை அந்தப் பக்கம் திருப்பி வைத்தால் போதும். பிறகு தொடவே வேண்டாம்.

இந்தப் பாதை ஒன்றுதான் உண்டு. உலக நாடுகள் எல்லாம் இதைத்தான் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும். அதனால் இதை 360 டிகிரிகளாகக் கணக்கிட்டு, இடம் குறித்துக் கொடுக்கிறார்கள். அங்கே ஒரு டிகிரி என்பது சுமார் 735 கிலோ மீட்டர். அமெரிக்காவுக்கு மேலே உள்ள கோள்கள் பெரும்பாலும் இரண்டு டிகிரி இடைவெளியில் நிற்கின்றன.

அவ்வளவு தூரம் எதற்கு? மோதிக் கொள்ளும் என்ற பயம் மட்டும் அல்ல. பக்கத்தில் பக்கத்தில் உள்ள கோள்கள் ஒரே அலைவரிசையில் பேசுகின்றன. நெருங்கி வந்தால் கீழே உள்ள ஆன்டெனாவுக்கு இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்கும். டெலிவிஷன் படம் கெட்டுவிடும்.

மனு போட வேண்டும்!

கோளைச் செய்தவர்கள் அதற்கு முதலாளி ஆகலாம். ஆனால், அது நிற்கும் இடத்துக்கு முதலாளி ஆக முடியாது.

உலக அளவில் இந்த இடங்களைப் பதிவு செய்வது, ஜெனீவாவில் உள்ள சர்வதேச தகவல் தொடர்பு சங்கம். அமெரிக்காவில் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுப்பது, 1934-ல் அமைக்கப்பட்ட மத்திய தகவல் தொடர்பு கமிஷன்.

கோளை ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு போக வேண்டுமா? கமிஷனுக்கு மனுச் செய்ய வேண்டும். எந்த இடத்துக்குப் போகிறது, எந்த அலைவரிசையில் பேசும், பக்கத்துக் கோள்களுக்கு இடைஞ்சல் வருமா என்பதை எல்லாம் சொல்ல வேண்டும். மனு பகிரங்கமாக அறிவிக்கப்படும். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதலாம்.

அவசரம் என்றால் தற்காலிக அனுமதியும் உண்டு. 30 நாள், 60 நாள், அதிகம் போனால் 180 நாள். யாருக்கும் இடைஞ்சல் செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அது கிடைக்கும்.

பேய்க் கோள்

"கேலக்சி-15"-க்குக் கொடுக்கப்பட்ட இடம், மேற்கு 133-வது டிகிரி. 2010 ஏப்ரல் 5-ந் தேதி அது திடீர் என்று கீழே இருந்து போன உத்தரவுகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்தியது. கிழக்கு நோக்கி நகரத் தொடங்கியது.

செத்துப் போயிருந்தால்கூடத் தொல்லை இல்லை. அதன் ஒலிபரப்புக் கருவிகள் மட்டும் வேலை செய்துகொண்டே இருந்தன! தன் காதில் விழுந்ததை எல்லாம் பூமிக்குத் திருப்பி அனுப்பும் நிலையில் அது மிதந்தது. பத்திரிகைகள் அதற்குப் "பேய்க் கோள்" என்று பெயர் சூட்டின.

லட்சத்துக்கு மேற்பட்ட முறை உத்தரவு அனுப்பிப் பார்த்தார்கள். பலன் இல்லை.

அடுத்த இடமான 131-வது டிகிரியில் "ஏ.எம்.சி-11" நின்றது. அது போட்டிக் கம்பெனியான "எஸ்.இ.எஸ்."-க்குச் சொந்தம். அதுவும் டெலிவிஷன் நிகழ்ச்சிகளை அனுப்பும் கோள்தான்.

போட்டியாளர்கள் கைகோத்தார்கள்

இரு கம்பெனி என்ஜினீயர்களும் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். "ஏ.எம்.சி-11" கொஞ்சம் தள்ளி நிறுத்தப்பட்டது. மேலே நிகழ்ச்சி அனுப்புவதற்கு மிகப் பெரிய ஆன்டெனாவைப் பயன்படுத்தினார்கள். பெரிய ஆன்டெனாவின் கதிர் ஊசி போல மெல்லியது. குறி வைத்த கோளுக்கு மட்டும் கேட்கும். பேய்க் கோளின் காதில் அதிகம் விழாது.

ஆபத்து விலகியது. காலியான 133-வது டிகிரிக்கு, "கேலக்சி-12" என்ற கோள் கொண்டு வரப்பட்டது.

டிசம்பர் 23-ந் தேதி அதிசயம் நடந்தது. சூரியனை நேராகப் பார்க்காததால் "கேலக்சி-15"-ன் பாட்டரி முழுவதும் தீர்ந்துபோயிற்று. அதன் கம்ப்யூட்டர் அணைந்து, மறுபடியும் உயிர் பெற்றது. உத்தரவுக்குப் பணிந்தது!

அப்போதும் நினைத்த இடத்துக்கு அதை ஓட்டிச் செல்ல முடியாது. கமிஷனின் அனுமதி பெற்று, 93-வது டிகிரியில் நிறுத்திச் சோதித்தார்கள். பிறகு, அனுமதியோடு பழைய இடத்துக்குத் திரும்பியது.

1½ லட்சம் டாலர் அபராதம்

அனுமதியில் எழுதிய சொல்லை மீறினால் என்ன ஆகும்?

"எக்கோஸ்டார்-7" என்ற கோளை, ஆயுள் முடிந்ததும் 300 கிலோ மீட்டர் மேலே கொண்டுபோய் விட்டுவிடுவதாக "டிஷ்" கம்பெனி ஒப்புக் கொண்டிருந்தது. ஆனால், எரிபொருள் தீர்ந்து, சுமார் 122 கிலோ மீட்டர் மேலேதான் போக முடிந்தது. 2023-ல் கமிஷன் அந்தக் கம்பெனியிடம் 1½ லட்சம் டாலர் அபராதம் வாங்கியது.

"கேலக்சி-15"-ன் கதையும் அத்தோடு முடியவில்லை. 2022 ஆகஸ்டில் அது மறுபடியும் கட்டுப்பாட்டை இழந்தது. அன்று போட்டியாளர்களாக இருந்த இரு கம்பெனிகளும் இன்று ஒன்றாகிவிட்டன. 2025 ஜூலையில் "இன்டெல்சாட்"டை "எஸ்.இ.எஸ்." வாங்கிவிட்டது.

2010-ல் இத்தனை நடந்தும், வீட்டில் உட்கார்ந்து டெலிவிஷன் பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியாது. படம் தெளிவாகத் தெரிந்தது. ஆகாயத்தில் இடம் மாறவும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பது அதற்காகத்தான்!