பழைய டிராக்டருக்குப் புது மீட்டர்... எதை, எங்கே வைப்பது?

இரண்டு, மூன்று கை மாறி வந்த டிராக்டர்தான் பல சிறு விவசாயிகளின் கொட்டகையில் நிற்கிறது. மாஸி பெர்குசன் 1035, பி-275, ஃபோர்டு 3600, எச்.எம்.டி 2511 என்று எந்த வண்டியாக இருந்தாலும் கதை ஒன்றுதான். இன்ஜின் நன்றாக ஓடும். ஹைட்ராலிக் தூக்கும். ஆனால், ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருக்கும் மீட்டர்களில் ஒன்றுகூட வேலை செய்யாது. கண்ணாடி மங்கி, முள் ஒடிந்து, சில வண்டிகளில் மீட்டர் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருக்கும்.

‘சத்தத்தை வைத்தே வண்டி எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம்’ என்பார்கள் அனுபவப்பட்ட ஓட்டுநர்கள். அதில் பாதிதான் உண்மை. ஆயில் பிரஷர் குறையும்போது முதலில் எந்தச் சத்தமும் வராது. தட்டும் சத்தம் காதில் விழும்போது பேரிங் தேய்ந்து முடிந்திருக்கும். ரேடியேட்டர் தண்ணீர் சூடேறுவதும் அப்படித்தான். ஆவி பறப்பது கண்ணில் படுவதற்குள் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், ஹெட் விரிசல் விட்டிருக்கலாம். நாற்றைப் பறித்து வைத்து, நடவுக்கு ஆளும் சொல்லியாகிவிட்ட நாளில், பாதி சேடையில் வண்டி நின்றுவிட்டால் இன்ஜின் வேலைச் செலவோடு அந்தப் போகமே தள்ளிப்போகும். இதைத் தடுக்க உள்ளங்கை அகலத்துக்கும் குறைவான நான்கு மீட்டர்கள் போதும். ஆனால், கிடைத்த ஓட்டையில் கிடைத்த மீட்டரைச் சொருகினால் பலன் இருக்காது. உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

எது முக்கியம்?

வரிசையாகச் சொன்னால், முதல் இடம் ஆயில் பிரஷர் மீட்டருக்கு. இரண்டாவது, தண்ணீரின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் மீட்டர். கையில் இருக்கும் பணம் இரண்டுக்குத்தான் போதும் என்றால், இந்த இரண்டை மட்டும் வாங்கினால் போதும். மூன்றாவது, பேட்டரிக்கு சார்ஜ் ஏறுகிறதா என்று காட்டும் வோல்ட் மீட்டர். நான்காவது, ஹவர் மீட்டர். ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது எல்லாம் ஓடிய மணிக்கணக்கில்தான் நடக்க வேண்டும். கணக்கு இல்லாத வண்டியில் ‘போன தீபாவளிக்கு மாற்றியது’ என்பதுதான் பதிலாக இருக்கும்.

ரோட்டவேட்டர், கதிரடிக்கும் இயந்திரம் போன்றவற்றை ஓட்டுபவர்களுக்கு ஆர்.பி.எம் மீட்டரும் தேவை. பி.டி.ஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுவதற்கு இன்ஜின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கம்பெனி மீட்டர்களில் அந்த இடத்தில் தனியாகக் கோடு போட்டிருக்கும். டீசல் மீட்டர் கடைசி. டேங்க்கில் குச்சி விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால், டீசல் தீர்ந்து நின்றால் குழாயில் காற்று பிடித்துக்கொள்ளும். காற்று எடுத்த பிறகுதான் இன்ஜின் கிளம்பும் என்பதால், வசதி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அட்டையில் ஒரு ஒத்திகை

கடையில் கிடைக்கும் சின்ன மீட்டர்களில் பெரும்பாலானவை 52 மில்லிமீட்டர் ஓட்டைக்குப் பொருந்துபவை. ஆர்.பி.எம் மீட்டர் போன்றவை 80 மில்லிமீட்டர், 100 மில்லிமீட்டர் அளவுகளில் வரும். ஓட்டையின் அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. மீட்டரின் முன்வளையம் ஓட்டையைவிட அகலமாக இருக்கும். இரண்டு வளையங்களுக்கு நடுவே குறைந்தது ஒரு விரல் இடைவெளி விட்டால்தான் பின்னால் கைவிட்டு நட்டை முடுக்க முடியும்.

தகட்டில் கை வைப்பதற்கு முன்பு, டேஷ்போர்டு அளவுக்கு ஒரு கெட்டி அட்டையை வெட்டிக்கொள்ள வேண்டும். மீட்டரின் முன்வளைய அளவுக்கு வட்டங்களை வெட்டி, அட்டையின் மேல் வைத்து நகர்த்திப் பார்க்க வேண்டும். பிறகு அட்டையை வண்டியில் பொருத்தி, வழக்கமாக ஓட்டுபவரே இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பது அவசியம். ஸ்டீயரிங்கின் கம்பி எதை மறைக்கிறது, ஆக்சிலேட்டர் லீவரில் வைத்திருக்கும் கை எதை மறைக்கிறது, மதிய வெயில் எந்தக் கண்ணாடியில் பளிச்சென்று அடிக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். உழவில் ஓட்டுபவர் அடிக்கடி பின்னால் திரும்பிக் கலப்பையைப் பார்ப்பார். முன்னால் திரும்பும்போது கண் முதலில் எங்கே விழுகிறதோ அந்த இடம் ஆயில் பிரஷருக்கும் டெம்பரேச்சருக்கும் உரியது. ஹவர் மீட்டரை நாளைக்கு ஒரு முறை பார்த்தால் போதும். அது ஓரத்தில் இருக்கலாம்.

பின்பக்கம் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்றும் அளக்க வேண்டும். மீட்டரின் உடம்பு, அதற்குப் பின்னால் வயர் முனை, சில மீட்டர்களுக்குக் குழாய் எல்லாம் சேர்ந்து இடம் கேட்கும். ஸ்டீயரிங் தண்டு, டீசல் டேங்க், பேட்டரி ஆகியவற்றில் இடிக்கக் கூடாது. பழைய டேஷ்போர்டையே வெட்டுவதைவிட, 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் தனிப் பலகை செய்து, ரப்பர் வாஷர் வைத்து முடுக்குவது நல்லது. அதிர்வும் குறையும், நாளைக்கு வண்டியை விற்கும்போது பழைய தகடும் சேதமில்லாமல் இருக்கும்.

முள் நேராக நிற்கட்டும்!

பந்தயக் கார்களில் வெகுகாலமாக இருக்கும் பழக்கம் ஒன்று டிராக்டருக்கும் அப்படியே பொருந்தும். எண்கள் நேராகத் தெரிய வேண்டும் என்று பார்க்காமல், வண்டி சரியாக ஓடும்போது எல்லா முள்ளும் 12 மணி திசையில் நிற்கும்படி மீட்டர்களைத் திருப்பிப் பொருத்துவதுதான் அது. எண்ணைப் படிக்கவே தேவையில்லை. ஏதாவது ஒரு முள் சாய்ந்திருந்தால் ஒரு நொடிப் பார்வையில் தெரிந்துவிடும். படிக்கத் தெரியாத ஓட்டுநருக்கும் இது உதவும். மீட்டர்களை வாங்கிப் பொருத்தி, வண்டியை நன்றாகச் சூடேற வைத்து, முள் நிற்கும் இடத்தைப் பார்த்த பிறகே கடைசியாகத் திருப்பி முடுக்க வேண்டும்.

அபாய எல்லையைக் கண்ணாடியின் மேல் சிவப்பு பெயின்ட்டால் கோடு போட்டுக் காட்டலாம். அந்தக் கோட்டை முன்வளையத்தின் மேலும் நீட்டிவிட்டால், பின்னாளில் கண்ணாடி சுழன்றுவிட்டாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும்.

ஜோடி மாறக் கூடாது

மீட்டரும் அதற்கான சென்சாரும் மாடு, வண்டி போல. ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். மின்சார டீசல் மீட்டர்களில் ஒரு வகை 10 முதல் 180 ஓம் வரை வேலை செய்யும். இன்னொரு வகை 240 முதல் 33 ஓம் வரை, அதாவது தலைகீழாக வேலை செய்யும். மாற்றிப் போட்டால் நிறைந்த டேங்க்கைக் காலி என்று காட்டும். அதனால் இரண்டையும் ஒரே கம்பெனியில், ஒரே கடையில், ஜோடியாக வாங்க வேண்டும்.

மின்சாரம் இல்லாமல் ஓடும் மெக்கானிக்கல் மீட்டர்களும் உண்டு. பேட்டரி செத்தாலும் அவை காட்டும். மெக்கானிக்கல் ஆயில் மீட்டருக்கு இன்ஜினிலிருந்து மெல்லிய குழாய் வரும்; அதில் சூடான ஆயிலே மீட்டர் வரை வருகிறது. குழாய் உரசி ஓட்டையானால் ஆயில் ஓட்டுநரின் காலில் பீய்ச்சும். தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். மெக்கானிக்கல் டெம்பரேச்சர் மீட்டரின் குழாயை வெட்டவோ ஒட்டவோ முடியாது. நீளம் கூடுதலாக இருந்தால் சுருட்டிக் கட்ட வேண்டும். சைலன்சர் பக்கம் போகவிடக் கூடாது.

வயரிங்கில் கவனிக்க...

மீட்டர்களுக்குத் தனி ஃபியூஸ் வேண்டும். 5 ஆம்ப் போதும். பெயின்ட் அடித்த தகட்டை நம்பாமல், ஒவ்வொரு மீட்டருக்கும் எர்த் வயர் தனியாக எடுக்க வேண்டும். ஒற்றை வயர் சென்சார் தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. அதில் டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் எர்த் தடைபட்டு மீட்டர் தப்பாகக் காட்டலாம். பிளஸ் முனையை எர்த் செய்த பழைய பிரிட்டிஷ் வகை வண்டிகளும் உண்டு. பேட்டரியின் எந்த முனை சேசிஸுக்குப் போகிறது என்று பார்த்த பிறகே எலெக்ட்ரானிக் மீட்டர் எதையும் இணைக்க வேண்டும். வேலை தொடங்கும்போது பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிடுவது முதல் வேலை.

பொருத்துவதற்கு முன்பு ஒரு சோதனை. டெம்பரேச்சர் சென்சாரைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கினால், சமவெளியில் முள் 100 டிகிரி பக்கம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வாசகர்கள் கேள்வி... நிபுணர் பதில்!

‘‘பழைய வண்டியில் ஆம்ப் மீட்டர் இருக்கிறது. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டப்போகிறேன். அதே மீட்டர் போதுமா?’’

‘‘வேண்டாம். ஸ்டார்ட்டருக்குப் போவதைத் தவிர, வண்டியின் மொத்த மின்சாரமும் ஆம்ப் மீட்டருக்குள் புகுந்துதான் போகிறது. 30 ஆம்ப் மீட்டரில் அதற்கு மேல் ஓடினால் மீட்டரும் வயரும் சூடேறிக் கருகும். வோல்ட் மீட்டருக்கு மாறிவிடுங்கள். 12 வோல்ட் வண்டியில், நிறுத்தி வைத்திருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பாருங்கள். ஆம்ப் மீட்டரைக் கழற்றும்போது அதிலிருந்த இரண்டு வயர்களையும் ஒன்றாகச் சேர்த்து, நன்றாக இன்சுலேட் செய்ய மறக்காதீர்கள்.’’

‘‘கேபிளில் ஓடும் ஹவர் மீட்டரும், புதிதாக வைத்த எலெக்ட்ரிக் ஹவர் மீட்டரும் வேறு வேறு கணக்கு காட்டுகின்றனவே?’’

‘‘இரண்டும் சரிதான். கேபிள் மீட்டர் இன்ஜினின் சுற்றை எண்ணுகிறது. உதாரணமாக, 1,500 ஆர்.பி.எம்-முக்கு அமைத்த மீட்டர், 750-ல் ஒரு மணி நேரம் ஓடினால் அரை மணி என்றுதான் காட்டும். எலெக்ட்ரிக் மீட்டர் சாவி போட்ட நேரம் முழுவதையும் கணக்கிடும். ஏதாவது ஒன்றை வைத்து சர்வீஸ் கணக்கை எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.’’

‘‘ஆர்.பி.எம் மீட்டர் வைக்க வசதியில்லை. பி.டி.ஓ வேகத்தை எப்படித் தெரிந்துகொள்வது?’’

‘‘கையில் பிடிக்கும் ஒளி டேகோமீட்டர் மோட்டார் மெக்கானிக்குகளிடம் இருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு, பி.டி.ஓ தண்டில் பளபளக்கும் ஸ்டிக்கரை ஒட்டுங்கள். கருவி எதையும் மாட்டாமல் பி.டி.ஓ-வை ஓடவிட்டு, தள்ளி நின்று அளந்து, 540 வரும் இடத்தில் ஆக்சிலேட்டர் லீவருக்குப் பக்கத்தில் பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். சுற்றும் தண்டின் அருகே வேட்டி, துண்டோடு போகவே கூடாது. வேலை செய்யும்போது பளுவில் வேகம் கொஞ்சம் இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.’’

‘‘ஓடிக்கொண்டிருக்கும்போது டெம்பரேச்சர் முள் மேலே போய், திடீரென்று கீழே இறங்கிவிட்டது. சூடு தணிந்துவிட்டது என்று தொடர்ந்து ஓட்டலாமா?’’

‘‘கூடவே கூடாது. தண்ணீர் மொத்தமும் வெளியேறி சென்சார் வெற்றிடத்தில் நின்றாலும் முள் இறங்கும். உடனே நிறுத்துங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறவிட்டுத் திறந்து பாருங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். ஆயில் பிரஷர் முள் விழுந்தாலும் இதே விதிதான். சால் முடியட்டும் என்று வரப்பு வரை ஓட்டாதீர்கள். நின்ற இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள்.’’