மணிக்கூடுகள் உடன்படும் விதம்

"மணி என்ன?" என்பது உலகில் மிக எளிய கேள்விகளுள் ஒன்று. ஆயினும் 1996ஆம் ஆண்டு முதல் 2006ஆம் ஆண்டு வரை, ஏறக்குறையப் பத்து ஆண்டுகள், வடமராட்சியில் அக்கேள்விக்கு விடை பகருமுன் "எந்த நேரப்படி?" என்று எதிர்வினா எழுப்ப இடமிருந்தது. கரவெட்டியிற் சுவரில் தொங்கிய மணிக்கூடும், வன்னியில் உறவினர் வீட்டுச் சுவரில் தொங்கிய மணிக்கூடும் ஒரே கணத்தில் இரு வேறு நேரங்களைக் காட்டின. இரண்டும் பழுதற்றவையே. பழுது மணிக்கூட்டில் இல்லாதபோது அது வேறெங்கே இருந்தது? இந்த வினாவோடு, உலகமெங்கும் கணினிகள் ஒன்றோடொன்று நேரத்தை ஒத்துக்கொள்ளும் விந்தையையும் சேர்த்துப் பார்ப்பது பயனுடைத்து.

முதலிற் சூரியனைக் கேட்போம். கரவெட்டி ஏறத்தாழ 80.2 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் அமைந்த ஊர். நமது நியம நேரமோ 82.5 பாகையை அளவாகக் கொண்டது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிஷம் செல்லும். ஆகவே சராசரியாக மணி 12.09 ஆகும்போதே கரவெட்டியிற் கதிரவன் உச்சிக்கு வருகிறான். இந்த ஒன்பது நிமிஷ வேற்றுமையை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஊருக்கொரு நேரம் இருந்தால் புகைவண்டியும் தந்தியும் நடவா என்பதனால், 1906ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இலங்கை முழுவதும் கிறீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய நேரத்தை ஏற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, மணிக்கூடுகள் முன்தள்ளப்பட்டுப் பின்பு பழைய நிலைக்கு மீண்டன. அதன் பின் அரை நூற்றாண்டுக் காலம் எவரும் அவற்றைத் தொடவில்லை.

ஒரு தீவு, இரு நேரம்

1996ஆம் ஆண்டு மின்சாரத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியது. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தும் நோக்கோடு மே மாதம் 25ஆந் திகதி மணிக்கூடுகள் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபர் 26ஆந் திகதி அரை மணி பின்வாங்கி, கிறீனிச்சுக்கு ஆறு மணி முந்திய நேரம் நிலைபெற்றது.

வடமராட்சி அரச படைகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததும் அந்த மே மாதத்தின் நடுப்பகுதியிலேதான். மின்சாரத்தைச் சேமிக்கப் பிறந்த கட்டளை வந்து சேர்ந்தபோது, குடாநாடு தேசிய மின்வலையுடன் இணைந்திருக்கவில்லை. விளக்கெரிக்க மண்ணெண்ணெயைத் தேடிய வீடுகளிலும் மணிக்கூட்டு முள் முன்னே நகர வேண்டியதாயிற்று. சேமிப்பதற்கு மின்சாரம் இல்லாத ஊரிலிருந்து ஒரு மணி நேரம் எடுக்கப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

விடுதலைப் புலிகளோ இம்மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்களது ஆட்சிப் புலத்தில் பழைய ஐந்தரை மணி நேரமே தொடர்ந்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 வீதி திறந்தபோது, முகமாலையைக் கடப்பவர் அரை மணி நேரத்தையும் கடந்தனர். தெற்கு நோக்கிச் செல்பவருக்கு அரை மணி இலாபம். திரும்பி வருபவருக்கு அதே அரை மணி நட்டம். இறுதியில் 2006ஆம் ஆண்டு, சித்திரைப் புத்தாண்டு நாளாகிய ஏப்ரல் 14ஆந் திகதி நள்ளிரவு கடந்து அரை மணியானபோது, மணிக்கூடுகள் மீண்டும் பன்னிரண்டுக்கே திருப்பப்பட்டன. நேரம் ஒன்றாயிற்று. அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வீதி மூடப்பட்டது. மணிக்கூடுகள் உடன்பட்டமையால் மனிதர் உடன்பட்டுவிடவில்லை.

சாதகக் குறிப்பின் சங்கடம்

இதெல்லாம் கடந்த கதைதானே என்று தள்ளிவிடுதல் கூடாது. அப்பத்தாண்டுகளிற் பிறந்த பிள்ளைகள் இன்று மணவயதை எட்டியவர்கள், எட்டிக்கொண்டிருப்பவர்கள். லக்கினம் ஒன்று சராசரியாக இரண்டு மணி நேரம் நிற்கும். நவாம்ச லக்கினமோ ஏறக்குறையப் 13 நிமிஷத்துக்கு ஒருமுறை மாறும். அரை மணி என்பது ஒன்றேகால் நாழிகை. கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கமோ மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கமோ எதைக் கொண்டு கணித்தாலும், பிறந்த நேரம் எந்த மணிக்கூட்டுக்கு உரியது என்று அறியாவிடின் கணிதம் பிழைக்கும். சோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவரும் ஒன்றை ஒப்புக்கொள்வர். ஒரு குறிப்பில் "காலை 6.10" என்று மட்டும் எழுதினால் அது முழு உண்மை ஆகாது, எந்த அளவுகோலால் அளந்தது என்பதும் உடனிருத்தல் வேண்டும்.

கணினிகளைப் படைத்தவர்களும் இதையே கண்டார்கள். அவர்கள் செய்த பெரிய காரியம், நேரத்தை இரண்டாகப் பிரித்தது. உலகம் முழுவதற்கும் பொதுவான நேரம் ஒன்று. அதனை எந்த அரசும் முன்னே பின்னே தள்ள முடியாது. அந்தப் பொது நேரத்தோடு எத்தனை மணியைக் கூட்டிச் சுவரிற் காட்டுவது என்பது மற்றொன்று. அது அந்தந்த நாட்டின் விருப்பம். முதலாவதைக் காப்பது வலையமைப்பு நேர நெறிமுறை. இரண்டாவதைக் காப்பது நேர வலயப் பட்டியல்.

சைக்கிளிற் சென்ற சிறுவன்

கணினிக்குள் இருக்கும் சிறு பளிங்குத் துண்டின் துடிப்பே அதன் மணிக்கூடு. வெப்பத்தாலும் முதுமையாலும் அது நாளொன்றுக்குச் சில செக்கன்கள் பிந்தவோ முந்தவோ செய்யும். அதனைத் திருத்த இன்னொரு கணினியிடம் நேரம் கேட்க வேண்டும். ஆனால் கேள்வி போகவும் விடை வரவும் நேரம் செல்லுமே. வந்து சேரும் விடை அதற்குள் பழையதாகிவிடாதா?

ஓர் உவமை கூறுவோம். கரவெட்டியில் உள்ள ஒருவர் தம் மணிக்கூட்டில் 10.00 ஆகும்போது ஒரு சிறுவனைச் சைக்கிளில் நெல்லியடிக்கு அனுப்புகிறார். அங்குள்ள சரியான மணிக்கூட்டின்படி அவன் சேர்ந்தது 10.15, புறப்பட்டது 10.20. அவ்விரண்டையும் துண்டில் எழுதிக்கொண்டு திரும்புகிறான். வீட்டு மணிக்கூடு அப்போது காட்டுவது 10.25. அவன் வீட்டை விட்டு நீங்கியிருந்தது 25 நிமிஷம். அதில் நெல்லியடியில் நின்றது 5 நிமிஷம். எஞ்சிய 20 நிமிஷமும் பயணம். போக 10, வர 10 எனக் கொண்டால், அவன் வாசலில் இறங்கும் கணம் உண்மையில் 10.30 ஆதல் வேண்டும். ஆகவே வீட்டு மணிக்கூடு ஐந்து நிமிஷம் பிந்தியது. இந்த நான்கு குறிப்புகளே வலையமைப்பு நேர நெறிமுறையின் உயிர்நாடி.

போகும்போது எதிர்காற்றும் வரும்போது பின்காற்றும் இருந்தால் கணக்குச் சற்றுத் தவறும் என்பது உண்மையே. ஆதலால் கணினி ஒருவரை மட்டும் நம்புவதில்லை. பல வழங்கிகளிடம் கேட்கிறது. ஒன்றோடொன்று ஒத்து நிற்பவற்றை மெய்யொலிப்போர் எனவும், விலகி நிற்பவற்றைப் பொய்யொலிப்போர் எனவும் பிரிக்கிறது. பின்பு தன் மணிக்கூட்டைத் திடீரென்று திருப்பாமல், பிழை சிறிதாயின், செக்கனுக்கு அரை மில்லிசெக்கனுக்கு மேற்படாமல் மெல்ல மெல்லத் திருத்துகிறது. நடந்து முடிந்த கணம் மீண்டும் வந்தால், வங்கிக் கணக்கில் எது முந்திய வரவு, எது பிந்திய செலவு என்ற ஒழுங்கே குலைந்துவிடும் அன்றோ?

கண் மங்கிய காலக்காவலர்

இந்நெறியை வகுத்தவர் அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். 1938ஆம் ஆண்டு கண்ணழுத்த நோயோடு பிறந்தவர். சிறு வயதிற் செய்த சிகிச்சையால் ஒரு கண்ணிற் சிறிது பார்வை பெற்றவர். முதுமையில் அதனையும் இழந்தவர். 1985ஆம் ஆண்டு இந்நெறிமுறையின் முதல் வரையறையை வெளியிட்டார். சுவர் மணிக்கூட்டின் முள்ளைத் தெளிவாகக் காண இயலாத ஒருவர் உலகத்தின் மணிக்கூடுகளை ஒழுங்கு செய்தார். 2024ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி அவர் மறைந்தார்.

அவர் நிரலை மறைத்து வைக்கவில்லை. எவரும் படிக்கலாம், திருத்தலாம், விலையின்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டார். அதனாலேயே அது எங்கும் பரவியது. பின்னர் றிச்சட் கேர்னோ என்பவர் "குறோனி" என்ற மற்றொரு திறந்த மென்பொருளை எழுதினார். இடையிடையே மட்டும் வலையமைப்போடு தொடர்புறும் கணினிக்கும் நேரத்தைச் செவ்வையாகக் காப்பது அதன் சிறப்பு. மின்சாரமும் இணைப்பும் வந்து போகும் ஊர்களுக்கு ஏற்ற குணம் அது. 2003ஆம் ஆண்டு தொடங்கிய பொது நேரக் குளத்தில் ஆயிரக்கணக்கான வழங்கிகளைத் தொண்டர்கள் தம் செலவில் நடத்துகின்றனர். ஊர்க் கிணற்றில் அள்ளுவதுபோல யாரும் அதில் நேரத்தை அள்ளிக்கொள்ளலாம்.

பட்டியலில் ஒரு குறிப்பு

நேர வலயப் பட்டியலும் அத்தகைய தொண்டே. ஆதர் டேவிட் ஓல்சன் 1980களிற் தொடங்கி, போல் எகேட் முதலியோர் பேணிவரும் இப்பட்டியலை லினக்ஸ் கணினிகளும் ஆண்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளும் பயன்படுத்துகின்றன. அதில் "ஆசியா/கொழும்பு" என்னும் பகுதியில் 1996, 2006 மாற்றங்கள் யாவும் நாளும் நேரமும் தவறாமற் பதிவாகியுள்ளன. அதனருகே ஒரு சிறு குறிப்பும் உண்டு: தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாழ்வோர் "ஆசியா/கொல்கத்தா" நேரத்தைப் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. அது எந்தப் பக்கத்தையும் சாரவில்லை, எவரையும் பழிக்கவில்லை. இன்ன இடத்து மக்கள் மணிக்கூட்டை இப்படி வைத்திருந்தார்கள் என்று மட்டும் எழுதி வைத்தது. நமது துயர வரலாற்றின் ஒரு துணுக்கு, உலகிலுள்ள கணக்கற்ற கணினிகளுக்கு வழிகாட்டும் ஏட்டின் ஓரத்தில் இவ்வாறு நிற்கிறது.

இத் தொண்டுக்கும் சோதனை வந்தது. 2011ஆம் ஆண்டு சோதிட மென்பொருள் விற்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்று, பழைய நேர மாற்றங்கள் பற்றிய தகவல் தனக்கே உரியது என்று ஓல்சன்மீதும் எகேட்மீதும் வழக்குத் தொடுத்தது. பட்டியல் சில நாட்கள் முடங்கியது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அந்நிறுவனம் தன் பிழையை ஒப்புக்கொண்டு வழக்கைக் கைவிட்டது. 1996ஆம் ஆண்டு கரவெட்டியில் மணிக்கூடு எப்போது திருப்பப்பட்டது என்ற உண்மைக்கு ஒரு வியாபாரி உடைமை கொண்டாட முடியாது என்பது நிலைநாட்டப்பட்டது.

கட்டளையாலும் மணிக்கூடுகளை ஒன்றாக்கலாம். கேட்டும் விடை கூறியும், பிழையைச் சிறிது சிறிதாகத் திருத்தியும் ஒன்றாக்கலாம். முதலாவது வழியை நாம் அனுபவித்து அறிந்தோம். இரண்டாவது வழி, நம் கையில் இருக்கும் தொலைபேசிக்குள் ஓசையின்றி நடந்துகொண்டிருக்கிறது.

வாசகர் செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. 1996 மே 25 முதல் 2006 ஏப்ரல் 14 வரை பிறந்த பிள்ளையின் குறிப்பு வீட்டில் இருந்தால், அதனை எடுத்துப் பாருங்கள். பிறந்த நேரத்தின் அருகே அது எந்த நேரப்படி என்று எழுதியிருக்கிறதா? இல்லையெனில், அறிந்த தாயோ பாட்டியோ உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் நினைவில் மட்டும் இருக்கும் அந்த அரை மணியை எந்த வழங்கியிடமும் கேட்டுப் பெற இயலாது.