பூச்சி மருந்து கொடுத்தும் காடைகள் சாவது ஏன்?

மீள்குடியேற்றத்துக்குப் பின் வன்னியில் பல குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தவை கோழிக்குஞ்சுகள். பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பலவற்றுக்கு முட்டைக் காசுதான் கைச்செலவு. இப்போது சிலர் காடையும் வளர்க்கிறார்கள். அடைவைத்து 17 நாட்களில் குஞ்சு, ஏறத்தாழ ஆறு கிழமையில் முட்டை. ஆனால் மாரி தொடங்கியதும் குஞ்சுகள் சோர்ந்து சாகின்றன, பூச்சி மருந்தும் கேட்கவில்லை என்று வளர்ப்போர் என்னிடம் சொல்கிறார்கள்.

குடலில் இருப்பது எப்போதும் புழு அல்ல. கண்ணுக்குத் தெரியாத கொக்சிடியா என்ற ஒட்டுண்ணியும் உண்டு. புழு மருந்து அதனைக் கொல்லாது. அதற்குரிய அம்ப்ரோலியம் புழுவைக் கொல்லாது. மருந்து மாறினால் காசும் போகும், குஞ்சும் போகும்.

கொக்சிடியா பெரும்பாலும் இளங்குஞ்சுகளைத் திடீரெனத் தாக்கும். இறகு சிலிர்த்து ஒடுங்கி நிற்கும், தண்ணீராகக் கழியும். கோழிக்குஞ்சில் எச்சத்தோடு இரத்தமும் போகலாம். காடையில் இரத்தம் தெரியாமலும் இருக்கலாம். புழு மெதுவாக வேலை செய்யும்: தீனி தின்றும் மெலிவு, முட்டை குறைவு. செத்த பறவையின் குடலில் நீண்ட வெள்ளைப் புழுவோ நாடாப்புழுவோ இருந்தால் கண்ணுக்கே தெரியும். பக்டீரியாவாலும் காடைக்குக் கழிச்சல் வரும் என்பதால் அடையாளத்தை மட்டும் நம்பக்கூடாது. பல பறவைகளின் புதிய எச்சத்தைச் சுத்தமான பையில் இட்டு, அன்றே அரச கால்நடை வைத்தியரிடம் கொடுங்கள். நுணுக்குக்காட்டியில் ஒட்டுண்ணியின் முட்டைகள் தெரியும். செத்த பறவை இருந்தால் அதனையும் கொண்டுபோங்கள். மருந்தின் அளவையும், எத்தனை நாள் முட்டையும் இறைச்சியும் உண்ணக்கூடாது என்பதையும் கேட்டறியுங்கள்.

மருந்தைவிடக் காய்ந்த தரை முக்கியம். எச்சத்தோடு வெளியேறும் கொக்சிடியா, ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாட்களில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். சாதாரண கிருமிநாசினிக்கு அது மசியாது. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்த உமியை அன்றன்றே அள்ளுங்கள். தீனியை நிலத்தில் கொட்டாதீர்கள். குஞ்சுகளை வளர்ந்தவற்றோடு விடாதீர்கள். காடைக்கு எச்சம் கீழே விழும் கம்பிவலைக் கூடு நல்லது. கோழியின் கொக்சிடியா காடைக்குத் தொற்றாது. ஆனால் சில புழுக்கள் இரண்டுக்கும் பொது. ஆகவே இரண்டையும் ஒரே தரையில் மேயவிட வேண்டாம். நாடாப்புழு எறும்பு, வண்டு, ஈ வழியாகவும் வரும். எச்சக் குவியல் கூட்டுக்குத் தூரத்தில் இருக்கட்டும்.

இவற்றில் பெரும்பாலானவைக்குக் காசு தேவையில்லை. மாரிக்கு முன்னரே கூரை ஒழுக்கை அடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.