மேலே பார்க்காதீங்க, கீழே பாருங்க!

புறாப் பந்தயம் என்றால் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2015-ல் ‘மாரி’ படம் வந்த பிறகு, தனுஷ் புண்ணியத்தில் அந்த வானம் ஊருக்கே பரிச்சயம். ஆனால் ஹோமர் என்னும் பந்தயப் புறா வளர்ப்பவர் விடிந்ததும் முதலில் பார்ப்பது வானத்தை இல்லை, எச்சத்தை. ஆமாம், எச்சத்தைத்தான்! வடசென்னையில் ஒரு மொட்டை மாடிக் கூண்டுக்குள் காலை ஐந்தரை மணிக்கு நுழைந்த எனக்குக் கிடைத்த முதல் தரிசனமும் அதுவே.

“செருப்பை அங்கேயே விட்டுட்டு இதைப் போட்டுக்கோ தம்பி” என்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பைத் தள்ளினார் கூண்டுக்குச் சொந்தக்கார அண்ணன். அது கூண்டை விட்டு வெளியே போகாத செருப்பு. தெருவில் மிதித்தது எதுவும் உள்ளே வரக் கூடாது. கூடவே மூக்குக்கு மாஸ்க்.

நல்ல எச்சம் எப்படி இருக்கும் தெரியுமா? (இதையெல்லாம் இவ்வளவு குஷியாக எழுதுவேன் என்று சத்தியமாக நினைக்கவில்லை.) சுண்டைக்காய் அளவில், உருண்டையாக, பழுப்பாக, உச்சியில் வெள்ளை படிந்து கெட்டியாக இருக்க வேண்டும். அதன் மேல் ஒரு குட்டி மெல்லிறகு ஒட்டியிருந்தால் அண்ணன் முகத்தில் பல்பு எரிகிறது. தரையெங்கும் மெல்லிறகு பறந்தால் கூட்டமே தெம்பாக இருக்கிறது என்று கணக்கு.

ஒரு மூலையில் பச்சையாக, நீர்த்துப்போய்க் கிடந்தது. நான் பதறினேன். அவர் அசரவில்லை. “நேத்து சாயங்காலம்தான் ரேஸ் முடிச்சு வந்துச்சு. வயித்துல தீனி இல்ல, பித்தம் மட்டும் இறங்குது. நல்லா தின்ன பிறகும் இப்படியே போனாத்தான் யோசிக்கணும்.” அடுத்து அடைப்பெட்டிக்கு வெளியே நாற்றத்தோடு மலைபோல ஒன்று. அதற்கும் சிரிப்புதான். அடைகாக்கும் பெட்டை முட்டையை விட்டு எழ மனமில்லாமல் அடக்கி வைத்திருந்து, ஒரே தடவையில் போட்டுவிட்டுப் போகுமாம். இதைப் பார்த்து மருந்துக் கடைக்கு ஓடாத புதுசு யாரும் இல்லை என்கிறார்.

பிறகு சுரண்டி வேலை. சர்ர்க், சர்ர்க்! “தண்ணி ஊத்திக் கழுவிட்டா சுலபமா போயிடாதா அண்ணா?” என்று கேட்டுவிட்டேன். “ஐயய்யோ!” என்றார். காரணம் காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணி. எச்சத்தோடு வெளியே வரும் அதன் முட்டை, வந்த உடனே நோயைத் தராது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்து ஓரிரு நாள் பழுத்த பிறகுதான் தரும். சென்னையின் ஐப்பசி மழையில் கழுவிவிட்ட பலகையை விட அதற்கு வேறென்ன வேண்டும்? பழுப்பதற்குள் காய்ந்த கையோடு சுரண்டி எறிந்துவிட்டால் பாதிச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது. தினமும் சுரண்டுவதற்குப் பின்னால் இப்படி ஒரு கடிகாரக் கணக்கு ஓடுவது தெரிந்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

இப்போது புறா கைக்கு வருகிறது. கால்கள் இரண்டும் விரலிடுக்கில், கட்டைவிரல் இறக்கை மேல். அலகுக்கு மேலே உள்ள மூக்குச் சதை சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் நல்லது. அழுக்கேறிச் சாம்பலாக மாறினால் மூச்சுப் பாதையில் கோளாறு. ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தாலும் சந்தேகம்தான். அலகைத் திறந்து தொண்டையைப் பார்த்தார். இளஞ்சிவப்பு, சுத்தம். அங்கே மஞ்சளாகத் திப்பி படிந்திருந்தால் அது கேன்கர்.

இனிமேல்தான் கூத்து. கூண்டையொட்டிய தகரக் கொட்டகையில் ஒரு மைக்ராஸ்கோப்! ஈரப் பஞ்சுக் குச்சியைப் புறாவின் தொண்டை வழியே விட்டு எடுத்து, வெதுவெதுப்பான உப்புநீர்ச் சொட்டில் தோய்த்து, கண்ணாடித் தகட்டில் வைத்தார். “சீக்கிரம் பாரு, ஆறிப்போனா ஆட்டம் நின்னுடும்!” பார்த்தேன். அதோ, வாலை விசிறிக்கொண்டு துடிதுடித்து ஓடும் டிரைக்கோமோனாஸ்! கேன்கருக்குக் காரணமான அதே உயிரி. தாயும் தகப்பனும் குஞ்சுக்கு ஊட்டும் பாலிலும், எல்லாம் சேர்ந்து குடிக்கும் தண்ணீரிலும் பரவுவது. பெரும்பாலான புறாக்களிடம் கொஞ்சம் இருக்கும், இருப்பதே நோய் ஆகாது. எத்தனை, எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதுதான் கேள்வி.

எச்சத்துக்கு வேறு வித்தை. இனிமேல் கரையாது என்னும் அளவுக்குச் சமையல் உப்பு கரைத்த தண்ணீரில் அதைக் கலக்கி, டீ வடிகட்டியில் வடித்து, சின்னக் குப்பியில் தளும்ப ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி வைக்கிறார். கால் மணி நேரத்தில் காக்சிடியா முட்டையும் புழு முட்டையும் மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்கின்றன. அந்த வடிகட்டி அடுப்படிப் பக்கம் திரும்பாது என்று அண்ணி சத்தியம் வாங்கியிருக்கிறார்.

இவ்வளவும் கண்ணும் கருத்துமாகச் செய்தாலும், பந்தயப் பெட்டி ஒன்று இருக்கிறதே! பல வீட்டுப் புறாக்கள் ஒரே பெட்டியில், ஒரே தண்ணீர்த் தொட்டியில் பயணம் போகின்றன. நோய் வாங்கி வருவது பெரும்பாலும் அங்கேதான். வழி தவறி மாடியில் இறங்கும் புறாவும் அப்படித்தான். அதைக் கூட்டத்தோடு விடாமல் இரண்டு மூன்று வாரம் தனிக் கூண்டில் வைக்கிறார்.

அவர் குரல் தணிந்தது ஒரே ஒரு நோயைச் சொல்லும்போது. கழுத்து முறுக்கிக்கொள்ளும், தானியத்தைக் கொத்தினால் குறி தவறும், தண்ணீராகக் கழியும். பாராமிக்ஸோ வைரஸ். நம் ஊர்க் கோழிகளைக் கொல்லும் வெள்ளைக் கழிச்சலின் நெருங்கிய உறவு. வந்தபின் மருந்து கிடையாது, வருமுன் தடுப்பூசிதான்.

பந்தயத்துக்கு முன்னால் எதற்கும் இருக்கட்டும் என்று மருந்துக் கலவைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து எல்லாப் புறாவுக்கும் கொடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. என் பார்வையில் அது வைத்தியம் இல்லை, சூதாட்டம். புறா வளர்க்கிறவர்களே, எல்லோராலும் மைக்ராஸ்கோப் வாங்க முடியாது, சரி. காலை எச்சத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். சென்னைக்காரர்களுக்கு 1903-லிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சோதனை முடிவு வந்த பிறகு மருந்தைத் தொடுங்கள். சுரண்டும்போது மாஸ்க் போட மறக்காதீர்கள். அந்தத் தூசி வருடக்கணக்கில் உள்ளே போனால் கெடுவது உங்கள் நுரையீரல்.