கற்பனைக் கோளுக்கும் கணக்கு உண்டு

உங்கள் எடை 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மெஸ்க்லின் என்ற கோளுக்குப் போய், அதன் நடுக்கோட்டில் எடை பார்த்தால் முள் 90 கிலோ காட்டும். உங்களைப் போல இன்னும் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு நிற்பதற்குச் சமம். சிரமம்தான், ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடலாம். அதே கோளின் துருவத்துக்குப் போனால்? எடை 21,000 கிலோ. அதாவது 21 டன்! நிற்பது இருக்கட்டும், அங்கே மனித உடம்பு உருவத்தோடு இருக்கவே முடியாது.

ஒரே கோளில் ஒரு பக்கம் 90 கிலோ, இன்னொரு பக்கம் 21 டன். எப்படி?

மெஸ்க்லினை எந்தத் தொலைநோக்கியிலும் பார்க்க முடியாது. அது ஒரு கதைக்குள் இருக்கும் கோள். ‘மிஷன் ஆஃப் கிராவிட்டி’ என்ற அந்த நாவல் 1953இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் தொடராக வந்தது, மறு ஆண்டு புத்தகமானது. எழுதியவர் ஹால் கிளெமென்ட். அது அவருடைய புனைபெயர். சொந்தப் பெயர் ஹாரி கிளெமென்ட் ஸ்டப்ஸ். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வானியல் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். பிறகு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அறிவியல் கதை எழுத ஆசைப்படும் யாரும் இவரைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

மெஸ்க்லின் பிறந்தது இப்படித்தான். அன்னம் விண்மீன் கூட்டத்தில் 61 சிக்னி என்று ஒரு விண்மீன் இணை இருக்கிறது. நம்மிடமிருந்து சுமார் 11.4 ஒளியாண்டு தூரம். 1940களில் சில வானியலாளர்கள், அந்த விண்மீனின் நகர்வில் ஒரு சின்னத் தடுமாற்றம் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதைச் சுற்றி வரவேண்டும் என்றார்கள். அதன் நிறை வியாழனைப் போல 16 மடங்கு என்றும் கணக்கிட்டார்கள். பிற்காலத்தில் கூர்மையாக அளந்தபோது அப்படி ஒரு கோள் இல்லை என்று தெரிந்தது. ஆனால் கிளெமென்ட் எழுத உட்கார்ந்தபோது, இருக்கிறது என்பதே அறிவியல் செய்தி. அந்தக் கோளில் கால் வைத்தால் எப்படி இருக்கும் என்று அவர் யோசித்தார்.

யோசித்த உடனே சிக்கல். அவ்வளவு நிறை என்றால் ஈர்ப்பு விசை பயங்கரமாக இருக்கும். மனிதர் அங்கே இறங்கவே முடியாது. மனிதர் இறங்காவிட்டால் இரண்டு உலகத்தாரும் சந்திக்கும் கதையும் கிடையாது. ‘அங்கே ஓர் அதிசயக் கல் இருந்தது, அதனால் ஈர்ப்பு குறைந்துவிட்டது’ என்று எழுதியிருக்கலாம். கிளெமென்ட் அப்படிச் செய்யவில்லை. ஈர்ப்பைக் குறைக்க இயற்கையிலேயே ஒரு வழி உண்டா என்று தேடினார். இருந்தது. கோளை வேகமாகச் சுழலவிட்டால் போதும்.

நம் பூமியிலேயே இது நடக்கிறது. பூமி சுழல்வதால் அதன் நடுப்பகுதி சற்றுப் பிதுங்கி நிற்கிறது. துருவத்தில் நிற்பவரைவிட நிலநடுக்கோட்டில் நிற்பவர் பூமியின் மையத்திலிருந்து சுமார் 21 கிலோமீட்டர் கூடுதல் தூரத்தில் இருக்கிறார். தூரம் கூடினால் ஈர்ப்பு குறையும். சுழற்சியும் அவரை வெளிப்பக்கம் தள்ளப் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து, துருவத்தில் வில் தராசில் 200 கிலோ காட்டும் பொருள் நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய 199 கிலோதான் காட்டும். சனிக் கோளில் ஒரு நாள் என்பது 11 மணி நேரத்துக்கும் குறைவு. அதனால் சனி இன்னும் நன்றாகவே தட்டையாகி, குறுக்கே அகலமாகத் தெரிகிறது. தொலைநோக்கியில் எடுத்த சனியின் படம் கிடைத்தால் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். மேலிருந்து கீழான அளவு, குறுக்களவைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கும்.

கிளெமென்ட் தன் கோளை 18 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றவைத்தார். காலை டிபன் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஒரு நாள் முடிந்துவிடும்! அந்த வேகத்தில் கோள் உருண்டையாக இருக்குமா? நடுவில் பருத்து ஓரம் மெலிந்த இட்லி போல ஆகிவிட்டது. குறுக்கே சுமார் 77,000 கிலோமீட்டர், துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுமார் 32,000 கிலோமீட்டர். நடுக்கோட்டில் ஈர்ப்பு பூமியைப் போல மூன்று மடங்கு, துருவத்தில் 700 மடங்கு என்பது அவர் போட்ட கணக்கு.

அதற்குப் பிறகு அவர் இஷ்டத்துக்கு எதையும் சேர்க்கவில்லை. அந்த 700 என்ற எண்ணிடமே கேட்டுக் கேட்டு எழுதினார். என்ன கேட்டார் என்று பார்ப்போம்.

700 மடங்கு ஈர்ப்பில் அரை அடி உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும்? அரை அடி என்பது 15 சென்டிமீட்டர். 15ஐ 700ஆல் பெருக்குங்கள். 10,500 சென்டிமீட்டர், அதாவது 105 மீட்டர். பூமியில் முப்பது மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுந்தால் தரையில் என்ன வேகத்தில் மோதுவோமோ, அதே வேகம் அங்கே அரை அடியிலேயே வந்துவிடும். விழுவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கையிலிருந்த பொருள் நழுவியதும் தரையில் கிடக்கும், விழுந்ததைக் கண் பார்த்திருக்காது.

இப்படிப்பட்ட ஊரில் எந்த மாதிரி உயிர் வாழும்? உயரமான உயிர் வாழாது. கிளெமென்ட் படைத்தவர்கள் 40 சென்டிமீட்டர் நீளத்தில், தரையோடு ஒட்டி ஊர்ந்து, பூரான் போலப் பல கால்களோடு இருக்கிறார்கள். உடம்பின் எடையைப் பல கால்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அவர்களுக்கு உயரம் என்றால் மரண பயம். தலைக்கு மேலே கனமான எது இருந்தாலும் பயம். எறிவது என்ற செயலே அவர்களுக்குத் தெரியாது. எறிந்தால்தான் பொருள் உடனே தரைக்கு வந்துவிடுமே!

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. துருவத்தருகே இறங்கிய ஆளில்லா ராக்கெட் ஒன்று திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்கிறது. அதிலுள்ள ஆய்வுத் தகவல்களை மீட்க, பார்லென்னன் என்ற கப்பல் தலைவனிடம் மனிதர்கள் உதவி கேட்கிறார்கள். நடுக்கோட்டுப் பகுதியில் மனிதர் ஒருவர் பார்லென்னனைத் தூக்கித் தன் டாங்கியின் கூரைமேல் வைக்கிறார். நம் கண்ணுக்கு அது சாதாரண உயரம். பார்லென்னனோ நடுநடுங்கிப் போகிறான். வாழ்நாள் முழுக்க அரை அடிக்கே அஞ்சியவன் அவன். அந்த இடத்தில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று அறிவு சொல்கிறது, உடம்பு நம்ப மறுக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் தெளிகிறான். ஓர் எண்ணிலிருந்து ஒரு பயமும், அந்தப் பயத்திலிருந்து ஒரு பாத்திரமும் பிறந்துவிட்டன, பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லியே ஆகவேண்டும். ஈர்ப்பு மிக அதிகம் என்றால் காற்று தரையோரம் அடர்த்தியாகவும், மேலே போகப் போக மிக வேகமாக மெலிந்தும் இருக்கும். அப்படிப்பட்ட காற்றில் ஒளி வளைந்து வரும். தூரத்துக் கடல் மேலேறித் தெரியும். ஆகவே பார்லென்னனின் மக்கள் தங்கள் உலகம் கிண்ணம் போலக் குழிந்தது என்று நம்புகிறார்கள். அவர்கள் கண்ணால் கண்டதை வைத்துச் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். அந்தக் கடலும் தண்ணீர்க் கடல் இல்லை, மீத்தேன் கடல். மீத்தேன் திரவமாக இருக்கவேண்டும் என்றால் கடுங்குளிர் வேண்டும். பூமியின் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 161 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்.

கிளெமென்டின் கணக்கு முழுக்கச் சரியா? இல்லை. அப்போது கணினி வசதி கிடையாது. ஸ்லைடு ரூல் என்ற அளவுகோலை நகர்த்தி நகர்த்திக் கையால் போட்ட கணக்கு அது. பின்னால் எம்.ஐ.டி. என்ற அமெரிக்கக் கல்வி நிறுவனத்தின் மாணவர்கள் கணக்கிட்டு, கோளின் ஓரம் கூர்மையாக இருக்கும் என்றார்கள். துருவத்தில் ஈர்ப்பு 700 மடங்கைவிட நன்றாகவே குறைவாக இருக்கும் என்றும் பிறகு தெரிந்தது. அறிவியல் கதை என்பது எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் நடக்கும் விளையாட்டு, படிப்பவர் தப்பைத் தேடவேண்டும் என்று கிளெமென்டே ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார். லாரி நிவென் என்ற எழுத்தாளருக்கும் இப்படி நடந்தது. 1970இல் வந்த ‘ரிங்வேர்ல்டு’ நாவலில், கதாநாயகன் தன் பிறந்தநாளை நீட்டிக்க ஊர் ஊராக ஒரே நொடியில் தாவுகிறான். முதல் பதிப்பில் அவன் கிழக்கு நோக்கித் தாவினான். கிழக்கே போனால் பிறந்தநாள் சீக்கிரம் முடிந்துவிடும்! பின் அச்சுகளில் மேற்காகத் திருத்தினார்கள். ஏன் மேற்கு என்று உலக உருண்டையைச் சுற்றிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.

‘இன்டர்ஸ்டெல்லார்’ படம் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு கோளில் ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் ஏழு ஆண்டுகள் ஓடிவிடும். இயக்குநர் நோலன் இதைக் கேட்டபோது, முடியாது என்றுதான் இயற்பியலாளர் கிப் தோர்னுக்கு முதலில் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தக் கோள் சுற்றிவரும் கருந்துளை மிக மிக வேகமாகச் சுழன்றால் முடியும் என்று விடை வந்தது. இங்கேயும் சுழற்சிதான் கைகொடுத்தது.

இனி நீங்கள் கட்டப்போகும் உலகத்துக்கு வருவோம். கும்பம் விண்மீன் கூட்டத்தில் டிராப்பிஸ்ட்-1 என்ற சிவப்புக் குறுமீன் உண்மையிலேயே இருக்கிறது. தூரம் சுமார் 40 ஒளியாண்டு. அதைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பது 2017இல் அறிவிக்கப்பட்டது. நான்காம் கோளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் ஆண்டு என்பது நம் 6.1 நாள். உங்களுக்கு இப்போது 10 வயது என்றால், அந்தக் கணக்கில் ஏறக்குறைய 600 வயது!

நிலா எப்போதும் ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டுகிறது அல்லவா? அந்தக் கோளும் தன் விண்மீனுக்கு அநேகமாக ஒரே முகத்தைத்தான் காட்டும். அப்படியானால் ஒரு பாதியில் எப்போதும் பகல், மறுபாதியில் எப்போதும் இரவு. வானத்தில் சூரியன் அசையாது. நம் சூரியனைவிடச் சுமார் நான்கு மடங்கு அகலமாகச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரே இடத்தில் நிற்கும். மலையின் நிழல் எங்கே விழுகிறதோ அங்கேயே என்றென்றும் கிடக்கும். அந்த நிழலுக்குள் வயல் வைத்திருப்பவர் என்ன செய்வார்? பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டினால் இந்த வீட்டுக்கு இனி எப்போதுமே வெயில் இல்லை. ஊருக்குள் எத்தனை வழக்கு வரும்!

பகலும் இரவும் மாறாத ஊரில் நாளை எப்படி எண்ணுவது? அதற்கும் கணக்கிலேயே வழி இருக்கிறது. நான்காம் கோள் மூன்று சுற்று முடிக்கும் நேரத்தில் ஐந்தாம் கோள் இரண்டு சுற்று முடிக்கும். ஆகவே சுமார் 18 நாளுக்கு ஒருமுறை ஐந்தாம் கோள் மிக அருகே வரும். இரவுப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது நம் முழுநிலா அளவுக்குத் தெரியும். அவர்களுடைய பஞ்சாங்கம் அதை வைத்துத்தான் இருக்கும். திருவிழாவும் அன்றைக்கே வரலாம். பகல் பக்கத்து மக்கள் அதைப் பார்க்க முடியாதே, அவர்கள் யாரை நம்பிக் காலம் கணிப்பார்கள்? கதை இங்கே தானாகவே தொடங்கிவிடுகிறது.

பகல் பக்கத்தையே எடுங்கள், இரவுப் பக்கத்தையே எடுங்கள், அல்லது சனியின் துணைக்கோளான, ஈர்ப்பு குறைந்து காற்று அடர்ந்த டைட்டனை எடுத்து, கையில் சிறகு கட்டிப் பறக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுதுங்கள். ஈர்ப்பு, நாளின் நீளம், குளிர் ஆகியவற்றில் ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். அந்த எண்ணால் வீடும் விளையாட்டும் பயமும் எப்படி மாறும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விடை தெரியாத இடத்தில் அறிவியல் ஆசிரியரிடம் ஓடுங்கள். எழுதி முடித்ததும் உங்கள் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரராக இருப்பவரிடம் கொடுத்து, “இதில் தப்பு கண்டுபிடி பார்க்கலாம்” என்று சொல்லுங்கள்.