நரிக்கு வைத்த கண்ணி

மார்ச் மாதம் பிறந்தால் பிரிட்டனின் புல்வெளிகளில் ஆள்காட்டிகள் முட்டையிடத் தொடங்கும். நம் வயல்களில் ஆளைக் கண்டதும் கத்திப் பறக்கிறதே, அந்தப் பறவையின் ஒன்றுவிட்ட உறவு. கூடு வெறுந்தரையில் இருப்பதால் நரிக்குத் தேடும் வேலையே இல்லை. ஆடுகள் குட்டி போடுவதும் அதே பருவத்தில்தான். வேட்டைக்காகக் கவுதாரியும் ஃபெசன்ட்டும் வளர்க்கும் எஸ்டேட்டுகளுக்குக் கேட்கவே வேண்டாம். அங்கே கேம்கீப்பர் என்றொரு பணியாள் இருப்பார். பறவைகளைப் பெருக்குவதும் அவற்றைத் தின்ன வருபவற்றைக் குறைப்பதும் அவர் பொறுப்பு. செந்நரி நடக்கும் தடத்தில் கம்பிக் கண்ணி வைப்பது அவருடைய பழைய உத்திகளில் ஒன்று.

கருவி மிக எளிது. மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிய ஒரு வடம். அதன் ஒரு முனையில் சிறு துளை. அதைக் கண் என்பார்கள். வடம் அந்தக் கண் வழியே ஓடி வளையமாகும். மறுமுனையைத் தரையில் ஆழ அடித்த முளையில் கட்டிவிடுவார்கள். வளையத்துக்குள் தலையை விட்டு நரி முன்னே நடக்கும்போது சுருக்கு இறுகும். நரி நடந்தால் மட்டுமல்ல, அந்த வழியில் எது நடந்தாலும் இறுகும். 2020 மே மாதம் இலங்கையின் நல்லதண்ணிப் பகுதியில், தேயிலைத் தோட்டமொன்றில் கம்பிக் கண்ணியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை சில நாளில் இறந்துபோனது. மலையகத்தில் காட்டுப்பன்றிக்கென்று வைக்கும் சுருக்குகளில் சிறுத்தைகள் மாட்டுவது புதிதல்ல.

பிரிட்டனில் மாட்டக்கூடாதவற்றின் பட்டியல் நீளம்: காட்டுமுயல், மான், நீர்நாய், வீட்டுப்பூனை, நாய், எல்லாவற்றுக்கும் மேலாக பாட்ஜர். கறுப்பு வெள்ளைப் பட்டை முகமும் குட்டைக் காலும் கொண்டு, வளை தோண்டி வாழும் இந்த விலங்கைக் காக்கவே 1992-இல் தனிச்சட்டம் போட்டிருக்கிறார்கள். நரியைப் பிடித்து மற்றவற்றை விட்டுவிடும்படி ஒரு கம்பிக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? பல பதிற்றாண்டுகள் இதற்கு மூளையைச் செலவிட்டிருக்கிறார்கள்.

முதலில் இறுக்கம். ஒருமுறை இறுகினால் தளராத சுருக்கை 1981-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. விலங்கு இழுப்பதை நிறுத்தியதும் தானே நெகிழும் கண்ணிக்கு மட்டுமே அனுமதி. நெகிழ்ந்தால் மட்டும் போதாது என்று பிறகு வடத்தின்மேல் ஒரு தடையைப் பொருத்தினார்கள். கண்ணிலிருந்து 23 சென்டிமீட்டர் தூரத்தில் அது நிற்கும். சுருக்கு அதற்குமேல் இறுகாது. பின்னர் வந்த நடைமுறை நெறிகள் அதை 26 ஆக்கின. மூன்று சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். ஆனால் மான் காலை விட்டிருந்தால் உருவிக்கொள்ளலாம். முயல்களில் பல நழுவிவிடலாம். நரியின் தலை மட்டும் வெளியே வராது.

நரியைவிடப் பெரியவற்றுக்கு வேறு வழி. வடம் கண்ணோடு சேரும் இடத்தில் வேண்டுமென்றே ஒரு பலவீனமான இணைப்பை வைப்பார்கள். ஆறேழு கிலோ நரியால் அதைப் பிய்க்க முடியாது; அதைவிட வலுத்த விலங்கு முழு வேகத்தில் இழுத்தால் அறும். வடம் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கச் சுழலும் வளையங்களும் உண்டு.

இத்தனையும் பட்டறையில் செய்வது. உண்மையான திறமை தடத்தைப் படிப்பதில்தான் இருக்கிறது. வேலியின் அடிக்கம்பியில் சிக்கிய முடி செம்பழுப்பாக இருந்தால் நரி போயிருக்கிறது; முரட்டு முடியாய், வெளிறி, நடுவில் கறுப்புப் பட்டை தெரிந்தால் பாட்ஜர். சேற்றில் நான்கு விரல் ஒடுங்கிய தடமா, ஐந்து விரலும் நீண்ட நகமும் பதிந்த அகலத் தடமா என்று பார்ப்பார்கள். பாட்ஜர் நடமாட்டம் தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். பாட்ஜர் தரையை முகர்ந்தபடி தாழ்ந்து போகும், நரி தலையைச் சற்றுத் தூக்கி நடக்கும். ஆகவே வளையத்தை உயர்த்தி வைப்பார்கள். மான் வரும் வழியென்றால் வளையத்துக்கு மேலே குறுக்கே ஒரு கழி. மான் தாண்டிப் போய்விடும். வேலிக்கும் புதருக்கும் அருகே வைக்கக்கூடாது. பிடிபட்ட விலங்கு வேலியைத் தாண்டப் பார்த்துத் தொங்கிச் சாகும். நாளுக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்கவேண்டும் என்பது சட்டம். விடிந்ததும் போவது நல்ல வழக்கம். மாட்டக்கூடாதது மாட்டியிருந்தால் அப்போதுதான் உயிரோடு விடமுடியும்.

ஏற்பாடுகளைப் பார்த்தால் குறைசொல்லத் தோன்றாது. ஆனால் எல்லாமே உருவத்தையும் உயரத்தையும் வலுவையும் வைத்துப் பிரிக்கும் தந்திரங்கள். மானுக்கும் நரிக்கும் இடையில் அது செல்லும். பாட்ஜரும் நரியும் அளவில் அவ்வளவு விலகியவை அல்ல. இரண்டும் இரவில், ஒரே வேலிச்சந்து வழியே நடப்பவை. பிரிட்டன் அரசுக்காகச் செய்யப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வின் களச்சோதனையில், நரிக்கண்ணியில் மாட்டியவற்றில் நரிகள் ஏறத்தாழ கால்வாசிதான். மீதியில் பெரும்பங்கு முயலும் பாட்ஜரும். பாட்ஜர் விஷயத்தில் கம்பியைத் திருத்தித் தீர்த்துவிடலாம் என்பது என் பார்வையில் வீண் நம்பிக்கை.

ஸ்காட்லாந்து முதலில் ஒழுங்குபடுத்தித்தான் பார்த்தது. 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி கண்ணி வைப்பவர் பயிற்சி பெறவேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் அவருடைய அடையாள எண் கொண்ட வில்லை தொங்கவேண்டும். வேல்ஸ் 2023 அக்டோபரில் கண்ணியையே தடைசெய்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஸ்காட்லாந்தும் அதே வழிக்கு வந்தது. திருத்திய கண்ணிகளுக்கு மட்டுமாவது விலக்கு வேண்டும் என்ற கோரிக்கையை இரண்டு அரசுகளும் ஏற்கவில்லை.

கேம்கீப்பர்களின் முறையீட்டிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இரவில் வெப்பம் காட்டும் தொலைநோக்கியோடு துப்பாக்கி ஏந்தினால் சுடுவது நரியா பாட்ஜரா என்று பார்த்தே சுடலாம். ஆனால் குஞ்சு பொரிக்கும் பருவத்தில்தான் புல்லும் பயிரும் இடுப்பளவு வளர்ந்து நிற்கும். நரி அதற்குள் போனால் குண்டுக்குக் குறி கிடைக்காது. கூடுகள் நெருங்கியிருக்கும் வயலைச் சுற்றி மின்வேலி போடலாம், சரணாலயங்களில் செய்கிறார்கள். ஒரு மலைச்சரிவு முழுக்கச் சிதறிக் கிடக்கும் கூடுகளுக்கு யாராலும் வேலி போட்டு முடிக்க முடியாது.